உள்ளூரிலேயே வளர்ந்த வெளிநாட்டு மாணவி

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதில் பெற்றோருடன் சென்னையிலிருந்து வந்தவள். அப்பாவுக்கு எச்-1பி வேலை விசா. அம்மாவுக்கும் அவளுக்கும் அதைச் சார்ந்த எச்-4 விசா. கிண்டர்கார்டனில் தொடங்கி இன்றுவரை அதே ஊர்ப் பள்ளிகளில்தான் படிப்பு. விடுமுறையில் சென்னைக்குப் போனால் தாத்தா வீட்டுத் தெருவைத் தாண்டி அவளுக்கு வழி தெரியாது. இப்போது கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நேரம். இவள் உள்ளூர் மாணவியா, வெளிநாட்டு மாணவியா?

எந்த மேசையில் போய்க் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

வரித்துறைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. இந்த ஆண்டு அமெரிக்காவில் இருந்த நாட்களை முழுதாக எடுத்துக்கொள். சென்ற ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கைச் சேர். அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கைச் சேர். கூட்டுத்தொகை 183-ஐ எட்டினால், இந்த ஆண்டில் 31 நாளாவது இருந்திருந்தால், நீ இங்கே வசிப்பவள். மூன்று ஆண்டும் ஊரைவிட்டு நகராதவளுக்கு 547 வரும். ஆகவே வரித்துறையைப் பொறுத்தவரை அவள் சந்தேகமே இல்லாமல் உள்ளூர்க்காரி. குடிவரவுத் துறைக்கோ அவள் தற்காலிகமாக வந்திருப்பவள்; பதினைந்து ஆண்டு ஆனாலும் தற்காலிகம்தான். கல்லூரிகள் ஆண்டுதோறும் மத்தியக் கல்வித் துறைக்குத் தரும் புள்ளிவிவரத்திலும் அவளுக்குத் தனிப் பத்தி. தற்காலிக விசாவில் இருப்பவர்களை இன வாரியான பத்திகள் எதிலும் சேர்க்காமல், வெளிநாட்டவர் என்று ஒரே கட்டாக எண்ணிவிடுவார்கள். அவளுக்கு அண்ணன் ஒருவன் இதே விசாவில் இருந்தால், பதினெட்டு வயதில் மற்ற அமெரிக்கப் பையன்கள் ராணுவத் தேர்வுப் பட்டியலில் பெயர் பதிவது போல அவன் பதிய வேண்டியதில்லை. அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் மட்டும் அவளைச் சொந்த மாநிலத்துப் பெண் என்று ஏற்று, குறைந்த கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடும்.

இதில் எந்தப் பதிலும் தப்பில்லை. ஒரு மேசை நாட்களை அளக்கிறது, இன்னொன்று மனசில் உள்ள எண்ணத்தை, மற்றொன்று பணத்தை, வேறொன்று பிறந்த நாட்டையும் வயதையும். அமெரிக்காவில் இருந்துகொண்டே வெளிநாட்டு மாணவராக விண்ணப்பிப்பது குழப்பமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். எந்த அளவுகோல் எங்கே பாய்கிறது என்று தெரிந்துவிட்டால் முடிச்சு அவிழத் தொடங்கும். அந்த அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வியப்பாகவும் இருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் முதலில் நிற்போம். அங்கே விசாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டெக்சாஸின் டைலர் நகரத்துப் பள்ளி நிர்வாகம் 1977-இல், முறையான ஆவணம் இல்லாத குழந்தைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982 ஜூன் 15 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தக் குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளியை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் எத்தனையோ லட்சம் பிள்ளைகளின் கதை வேறாகியிருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவிலேயே பள்ளிப் படிப்புக்கு வருகிறவர்கள், 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் 12 மாதம்தான் படிக்கலாம். அதற்கும் முழுச் செலவையும் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் இருப்பது அதனால்தான். நம் எச்-4 பெண்ணுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு பள்ளியோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாள் முதல் வேறு சட்டங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் சொந்த மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், மற்றவர்களுக்கு வேறு கட்டணம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வெளியார் கூடுதலாகக் கட்டும் தொகை மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். இந்தக் கட்டணத்தை எந்த விசாவுக்கு எப்படி விதிப்பது என்ற கேள்விக்கு விடை தேடப் போனால், அதே 1982 ஜூனுக்கு வந்து சேர்கிறோம்.

உலக வங்கி, பன்னாட்டு நிதியம் போன்ற அமைப்புகளில் வேலை பார்த்தவர்கள் ஜி-4 என்ற விசாவில் மேரிலாந்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது, உங்களுக்கு மாநிலக் கட்டணம் கிடையாது என்றது பல்கலைக்கழகம். டோல் எதிர் மொரேனோ என்ற அந்த வழக்கில் ஜூன் 28 அன்று, முந்தைய தீர்ப்புக்குப் பதின்மூன்றே நாள் கழித்து, அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன்தான். இங்கேயே நிலையாகத் தங்கும் எண்ணம் கொள்ள ஒரு விசாவுக்கு நாடாளுமன்றம் இடம் கொடுத்திருக்கிறது என்றால், அந்த எண்ணத்தோடு வாழ்பவர்மேல் மாநிலம் தன் பங்குக்கு ஒரு தடையைச் சேர்க்க முடியாது. தீர்ப்பின் சாரம் அதுதான்.

இங்கே அளக்கப்படுவது எண்ணம் என்பதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் உடல் இருந்தால் போதாது, அங்கேயே இருப்பேன் என்ற எண்ணமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது நிரந்தர வீடு. மனசைத் திறந்து பார்க்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஆகவே, அந்த எண்ணம் கொள்ள உன் விசா உன்னை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள். எஃப்-1 அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்று சொல்லித்தான் அந்த விசாவையே வாங்க வேண்டும். எச்-1பி, எல்-1 வேலை விசாக்களுக்கும் அவற்றைச் சார்ந்த குடும்ப விசாக்களுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்த நிபந்தனை இல்லை. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் இரண்டு இந்தியப் பிள்ளைகளில், எச்-4 பிள்ளை மாநிலக் கட்டணம் கேட்கலாம், எஃப்-1 பிள்ளை கேட்க முடியாது என்ற வேறுபாட்டின் வேர் இதுதான்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இதை நடைமுறையில் எப்படிச் செய்கிறது? பருவம் தொடங்கும் நாளுக்கு முன்னால் 366 நாள், அதாவது ஓராண்டும் ஒரு நாளும், மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு சட்டப்படியான வசிப்பிட அறிக்கை என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். பெற்றோர் கட்டிய மாநில வருமான வரி, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு எல்லாம் அங்கே எண்ணத்துக்குச் சாட்சி. மாநிலத்தவள் என்று ஏற்றுக்கொண்டால் கட்டணம் மட்டும் குறைவதில்லை, சேர்க்கைக் கணக்கும் மாறுகிறது. கலிஃபோர்னிய மாணவருக்குக் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் குறைந்தபட்சம் 3.0 போதும், வெளியாருக்கு 3.4 வேண்டும். பெரும்பாலான வளாகங்களில் வெளியார் 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2017-இல் ஆட்சிக்குழு வரம்பும் வைத்தது. அந்த வரம்புக்குள் முட்டிமோதாமல் சொந்த மாநில வரிசையிலேயே நம் பெண் நிற்கிறாள். எச்-4 குடும்பங்களுக்குப் பெரும்பாலும் மாநிலப் பல்கலைக்கழகமே முதல் நம்பிக்கையாக இருப்பது வெறும் சிக்கனத்தால் மட்டும் அல்ல. இருப்பதிலேயே அவர்களை முழுமையாக உள்ளே சேர்த்துக்கொள்ளும் கணக்கு அதுதான். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

தனியார் கல்லூரிகளிடம் வந்தால் காட்சி மாறுகிறது.

காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் 1975-இல் பதினைந்து கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. அதில் குடியுரிமை பற்றி ஒரு பகுதி வரும். அமெரிக்கக் குடிமகள், நிரந்தரமாக வசிக்கும் உரிமையான கிரீன் கார்டு வைத்திருப்பவர், அகதி, வேறு நாட்டுக் குடிமகள் என்று வரிசையாக இருக்கும். கடைசியைத் தேர்ந்தால் எந்த விசா, அமெரிக்காவில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாய் என்ற கேள்விகள் திறக்கும். நம் பெண் 15 என்று நிரப்புவாள். பல கல்லூரிகளில் அவளுடைய மதிப்பெண்ணையும் கட்டுரையையும் படிப்பவர், ஃப்ரீமாண்ட் வட்டாரப் பள்ளிகளை நன்றாக அறிந்த அதிகாரியாகவே இருப்பார். பள்ளி கவுன்சிலர் கடிதம், ஏபி என்ற கல்லூரித் தரத் தேர்வுகள், பாடங்களின் கடினம் எல்லாமே உள்ளூர்ப் பிள்ளைக்குப் பார்ப்பது போலத்தான் பார்க்கப்படும். அமெரிக்கப் பள்ளியில் படித்தவள் என்பதால் டோஃபெல் ஆங்கிலத் தேர்வு எழுதும் தேவையும் பெரும்பாலும் இருக்காது. படிப்புக் கணக்கில் அவள் உள்ளூர். ஆனால் நிதி உதவி என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்த உடனே வெளிநாட்டவர் பட்டியலுக்கு நகர்கிறாள்.

இதற்குக் காரணம் மனிதர்களின் கல்மனசு என்று நினைத்துவிட வேண்டாம், பணம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். 1965-இல் வந்த உயர்கல்விச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தரும் உதவிகளுக்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பமே வாசல். குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகள் போன்ற சிலருக்கு மட்டும் அது திறக்கும். 2025-26 கல்வியாண்டில் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைத்த பெல் உதவித்தொகை, அரசுக் கல்விக்கடன், வளாக வேலைத் திட்டம் மூன்றும் அந்த வாசலுக்குப் பின்னால் இருப்பவை. ஒரு குடிமகளின் தேவையில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. எச்-4 மாணவியின் தேவை முழுவதையும் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து எடுக்க வேண்டும். அந்த நிதிக்கு எல்லை உண்டு. ஆகவே பெரும்பாலான கல்லூரிகள், குடிமக்களின் விண்ணப்பத்தைப் படிக்கும்போது பணத்தேவையைப் பார்க்காதவைகூட, மற்றவர்களுடைய தேவையையும் எடைபோட்டுத்தான் இடம் தருகின்றன.

ஒரே வீட்டுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். அவளுக்கு ஃப்ரீமாண்டிலேயே பிறந்த தம்பி இருக்கிறான் என்று வையுங்கள். அவன் பிறப்பால் குடிமகன். பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும் அவன் ஃபாஃப்சா நிரப்பலாம். அதே பெற்றோர், அதே சம்பளம், அதே சாப்பாட்டு மேசை. அக்காவுக்கு இல்லாத வாசல் தம்பிக்குத் திறக்கிறது. அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இது அன்றாட நடப்பு. பிள்ளைகளிடம் எப்படி விளக்குவது என்று பெற்றோர் தடுமாறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பணத்தேவையைப் பார்க்காமலே எல்லா நாட்டவரையும் தேர்ந்தெடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் நெடுங்காலமாக அப்படி. டார்ட்மத்தும் போடனும் 2022-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பிரவுன் 2025-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கியது. இவற்றில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். எம்ஐடி வெளிநாட்டவர் எண்ணிக்கைக்குத் தனி வரம்பும் வைத்திருக்கிறது. இன்னொரு நுணுக்கம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. சேரும்போது நிதி உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. முதலில் இடத்தைப் பிடித்துவிடலாம், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அங்கே செல்லாது. படிப்புக்கு நடுவில் கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் மத்திய உதவியின் வாசல் அன்றிலிருந்து திறக்கும்.

இடம் கிடைப்பதைப் பற்றிப் பேசும்போது ஒரு கணிதக் கட்டுரையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1962-இல் டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி என்ற இருவர் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் ஒன்றாக வைத்து ஓர் ஆய்வு எழுதினார்கள். நூறு இடம் உள்ள கல்லூரி நூறு பேரை மட்டும் அழைத்தால் எல்லோரும் வரமாட்டார்கள். எத்தனை பேரை அழைப்பது என்பது ஊகம். மாணவருக்கும் அதே தவிப்பு. மாணவர்கள் கல்லூரிகளையும் கல்லூரிகள் மாணவர்களையும் விருப்ப வரிசையில் எழுதிக் கொடுத்தால், எந்த மாணவரும் எந்தக் கல்லூரியும் பின்னால் இருவருமாகச் சேர்ந்து ஜோடி மாற்றிக்கொள்ள விரும்பாத ஒரு பங்கீட்டை எப்போதும் கண்டுபிடிக்க முடியும் என்று சில பக்கங்களில் நிரூபித்தார்கள். ஷாப்லிக்கு 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது; கேல் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இளம் மருத்துவர்களை மருத்துவமனைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அமெரிக்காவில் இந்த முறையைச் சார்ந்துதான் நடக்கிறது. கட்டுரையின் தலைப்பிலேயே இருந்த கல்லூரிச் சேர்க்கை மட்டும் இன்னும் ஊகத்தில்தான் ஓடுகிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான குவெஸ்ட்பிரிட்ஜ் திட்டத்தில் மட்டும் மாணவர் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தரும் முறை உண்டு. அமெரிக்கப் பள்ளியில் படிப்பவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பிறகு அதில் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் குடியுரிமை பற்றித் தன் விதியைச் சொல்லும்.

இனி வருவது எல்லாவற்றையும்விடக் கடுமையானது: 21 வயது. எச்-4 விசா 21-ஆம் பிறந்தநாளோடு முடிந்துவிடும். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு நடக்கும்போது பெரும்பாலோருக்கு அந்த நாள் வரும். அதற்குள் அப்பாவின் கிரீன் கார்டு வந்துவிட்டால் பிள்ளைக்கும் சேர்ந்து வரும். வராவிட்டால் எஃப்-1 போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வரிசை ஏன் இவ்வளவு நீளம்? வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. இதில் மனைவி, பிள்ளைகளும் அடக்கம். நால்வர் குடும்பம் நான்கு எண்ணை எடுத்துக்கொள்ளும். பிறந்த நாடு ஒவ்வொன்றுக்கும் 7 சதவீத உச்சவரம்பு. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே 7 சதவீதம். நம்மவர்கள் பெரும்பாலும் நிற்கும் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்குத் தலா 40,040 எண்கள். அதில் 7 சதவீதம் சுமார் 2,800. நால்வர் குடும்பம் என்று வைத்தால் ஒரு பிரிவில் ஆண்டுக்கு 700 குடும்பங்கள். பிற நாட்டவர் எடுக்காமல் மிஞ்சும் எண்கள் சில ஆண்டுகளில் கூடுதலாக வரும், அவ்வளவுதான். 2025 இறுதியில் இந்தியாவுக்கான இரண்டாம் பிரிவு வரிசை, 2013-இல் இடம் பிடித்தவர்களிடம்தான் வந்து நின்றது. அந்த ஆண்டு பிறந்த குழந்தை அப்போது நடுநிலைப் பள்ளியில் இருக்கும்.

அரசின் தாமதத்தால் பிள்ளைகளுக்கு வயது தாண்டிப்போகக் கூடாது என்று 2002 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. குழந்தையின் வயதை அது ஒரு கழித்தல் கணக்காக மாற்றியது. கிரீன் கார்டு எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் உண்மை வயது எவ்வளவு? அதிலிருந்து, நிறுவனம் போட்ட ஐ-140 மனு அரசின் பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழி. வருவதுதான் சட்டத்தின் வயது. அது 21-க்குக் கீழே இருந்து, திருமணமும் ஆகாமல், ஓராண்டுக்குள் கிரீன் கார்டுக்கு முயன்றால் பிள்ளை பிள்ளையாகவே கருதப்படும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பையனுக்கு 21 முடிந்து 184-ஆம் நாளில் எண் கிடைக்கிறது. ஐ-140 பரிசீலனை 200 நாள் நீடித்திருந்தால், கழித்த பிறகு அவனுக்கு 21 ஆக இன்னும் 16 நாள் பாக்கி. பெற்றோருடன் அவனுக்கும் கிரீன் கார்டு. அதே குடும்பம் அவசரப்பட்டு, கூடுதல் கட்டணம் கட்டி, 15 வேலைநாளில் முடிவு சொல்லும் விரைவுப் பரிசீலனையை எடுத்திருந்தால்? கழிக்க மூன்று வாரம்தான் கிடைக்கும். பையன் வெளியே. வேகத்துக்குக் கட்டிய பணமே அவனுக்கு வயதைக் கூட்டிவிட்டது. இந்தக் கணக்கைக் கேட்கும் எவரும் முதலில் நம்ப மறுப்பார்கள்.

வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஒரு நாளைக்கூட இந்தச் சட்டம் கழிப்பதில்லை என்பது இன்னும் வலிக்கும் உண்மை. அதிகாரியின் மேசையில் கோப்பு கிடந்த நாள் மட்டுமே கணக்கு. எண் கிடைத்த நாள் எது என்பதிலும் இழுபறி உண்டு. மாதந்தோறும் வரும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருக்கும்: இறுதி முடிவுக்கான தேதி ஒன்று, விண்ணப்பம் போடுவதற்கான தேதி மற்றொன்று. இரண்டாவது பெரும்பாலும் சில மாதங்கள் முன்னால் ஓடும். 2023 பிப்ரவரியில் குடிவரவுத் துறை அந்த இரண்டாவது அட்டவணையை வைத்து வயதைக் கணக்கிடலாம் என்றது. 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு மறுபடி முதல் அட்டவணைக்கே திரும்பியது. அதே பிறந்தநாள், அதே மனு; அட்டவணை மாறியதும் வயது மாறுகிறது.

கிரீன் கார்டு வராது என்று தெரிந்தால் எஃப்-1க்கு எப்போது மாறுவது என்ற கேள்வி வரும். எச்-4 மாணவி சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. வளாக நூலகத்தில் இரண்டு மணி நேரம் புத்தகம் அடுக்கும் வேலைகூட. எஃப்-1 என்றால் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வளாகத்தில் வேலை செய்யலாம். பட்டம் பெற்றபின் 12 மாதப் பயிற்சி வேலையும், அறிவியல், பொறியியல், கணிதத் துறையென்றால் மேலும் 24 மாதமும் உண்டு. ஆனால் மாறும்போது, வெளிநாட்டில் வீடு இருக்கிறது, திரும்பிப் போவேன் என்று சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டு அமெரிக்காவைத் தவிர எதையும் அறியாத, பெற்றோரின் கிரீன் கார்டு மனுவில் பெயர் இருக்கும் ஒரு பெண் அதைச் சொல்ல வேண்டும். மாநிலக் கட்டணத்துக்காக இங்கேயே இருக்கும் எண்ணத்துக்குச் சாட்சி தேடியவள், விசாவுக்காக எதிர் எண்ணத்துக்குச் சாட்சி தேடுகிறாள். ஆகவே அவசரமாக மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 21 வரை எச்-4-இலேயே படிக்கச் சட்டம் முழுதாக இடம் கொடுக்கிறது. வேலை வாய்ப்பு, கட்டணம், கிரீன் கார்டு வரிசை மூன்றையும் குடிவரவு வழக்கறிஞரோடு உட்கார்ந்து பார்த்தபின் முடிவு செய்வதே சரி.

இப்படிப் பெற்றோரின் விசாவைச் சார்ந்து வளரும் பிள்ளைகள் இரண்டு லட்சத்துக்கு மேல் இருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சிறுவயதில் அமெரிக்கா வந்தவர்களுக்காக 2012-இல் வந்த டாகா ஏற்பாடு சட்டப்பூர்வ விசா இல்லாதவர்களுக்கு மட்டும் என்பதால், விசாவை ஒழுங்காகக் காப்பாற்றிய இவர்கள் அதிலும் வரவில்லை. இவர்களுக்கென்று அமெரிக்கக் குழந்தைகள் சட்டம் என்ற மசோதா 2021-இலும் 2023-இலும் இரு கட்சியினரின் ஆதரவோடு கொண்டுவரப்பட்டது, நிறைவேறவில்லை. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு செலவழித்து வளர்த்த பிள்ளையை 21-ஆம் பிறந்தநாளில் வெளியே நிறுத்துவது அந்த நாட்டுக்கே நட்டம் என்பது என் உறுதியான கருத்து. சட்டம் மாறும்வரை, இருக்கும் அளவுகோல்களைத் தெரிந்துவைத்துக்கொள்வதே குடும்பங்களின் கையில் இருக்கும் ஆயுதம்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு தாளை எடுத்து ஐ-140 போட்ட தேதி, அது ஏற்கப்பட்ட தேதி, கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்த தேதி, 21-ஆம் பிறந்தநாள் நான்கையும் எழுதி வையுங்கள். விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி, இந்த மாநிலப் பள்ளியில் படிக்கும் எச்-4 மாணவியைச் சேர்க்கைக்கு எந்தப் பட்டியலில் வைப்பீர்கள், நிதி உதவிக்கு எந்தப் பட்டியலில், கட்டணத்துக்கு எந்தப் பட்டியலில், நடுவில் எஃப்-1க்கு மாறினால் இவற்றில் எது மாறும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கல்லூரி சொன்ன பதில் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.